சிங்கப்பூரில் காரின் எண்ணெய் (பெட்ரோல்) செலவைக் குறைக்கக் கணக்கு எழுதி வைப்பது உண்மையிலேயே உதவுமா?

உதவும். ஆனால் நீங்கள் இப்போது எழுதிவரும் கணக்கு உதவாது.

உங்கள் கேள்வியில் இருப்பதை வைத்துச் சொல்கிறேன். பத்து வருடம் முடிந்து சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த 1.6 லிட்டர் செடான். தெம்பனிஸிலிருந்து நகருக்குள் தினமும் போய்வருகிறீர்கள். லிட்டருக்கு 10 கிலோமீட்டர்தான் கிடைக்கிறது. மாதம் எத்தனை வெள்ளி எண்ணெய்க்குப் போகிறது என்று கைபேசியில் குறித்தும் வருகிறீர்கள், செலவு குறைந்தபாடில்லை.

வெள்ளியைக் குறித்தால் வண்டியைப் பற்றி எதுவும் தெரியவராது. விலை ஏறும், இறங்கும். ஒரு வாரம் கார்டு தள்ளுபடி, அடுத்த வாரம் வேறு நிலையத்தில் உறுப்பினர் தள்ளுபடி. போன மாதம் செலவு குறைந்ததற்கு நீங்கள் நிதானமாக ஓட்டியது காரணமா, தள்ளுபடி காரணமா, பள்ளி விடுமுறையில் சாலை காலியாக இருந்தது காரணமா? அந்தத் தொகையைப் பார்த்துச் சொல்லவே முடியாது. விலையில் நாம் தொட முடியாத பகுதியும் பெரிது. 2021 பிப்ரவரியிலிருந்து 92, 95 எண்ணெய்க்கு லிட்டருக்கு 66 காசும் 98க்கு 79 காசும் தீர்வை. அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி. எங்கே மலிவு என்று பார்க்க பயனீட்டாளர் சங்கத்தின் 'ஃபியூவல் காக்கி' தளம் இருக்கிறது, ஊற்றப் போகுமுன் ஒரு பார்வை பார்த்தால் போதும். நம் கையில் முழுசாக இருப்பது லிட்டர்தான். அதை எழுதுங்கள்.

எழுதும் முறை சுலபம். டேங்க் நிறைய ஊற்றுங்கள். குழாய் தானாக 'டக்' என்று நின்றதும் அதோடு விட்டுவிடுங்கள். ஊழியர் ஊற்றிக் கொடுத்தால், ரவுண்டாக்குவதற்காக மேலும் அழுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நல்லபடியாகவே கேட்டுக்கொள்வார்கள். ரசீதில் நம் கண் போகும் இடம் கடைசி வரியில் உள்ள தொகை. நமக்கு வேண்டியது அதற்கு மேலே இருக்கும் லிட்டர். பக்கத்திலேயே ஓடோமீட்டர் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை மறுபடி நிறைய ஊற்றும்போது, அப்போது ஏறிய லிட்டரை இடையில் ஓடிய கிலோமீட்டரால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 476 கிலோமீட்டர் ஓடி 36.2 லிட்டர் ஏறியது என்றால் 7.6. அதாவது நூறு கிலோமீட்டருக்கு 7.6 லிட்டர்.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் நாம் பேசிப் பழகியிருக்கிறோம். பேச்சுக்குச் சரி, ஒப்பிட்டுப் பார்க்க அது ஏமாற்றும். 10 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 12 கொடுத்தாலும், 18 கொடுத்த வண்டி 20 கொடுத்தாலும் இரண்டிலும் ஏற்றம் இரண்டு கிலோமீட்டர்தான் என்று தோன்றும். முதல் வண்டியில் நூறு கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் மிச்சம். இரண்டாவதில் அரை லிட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். உங்களைப் போல 10இல் இருப்பவருக்குத்தான் மிச்சம் பிடிக்க நிறைய இடம் இருக்கிறது. வருடம் 15,000 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டால், நூறு கிலோமீட்டருக்கு 10 லிட்டர் என்பது 8.5 ஆனாலே 225 லிட்டர் மிச்சம். லிட்டர் மூன்று வெள்ளி என்று போட்டால் 675 வெள்ளி. சிஓஇக்குக் கட்டியதோடு ஒப்பிட்டால் சின்னத் தொகைதான். ஆனால் அதைக் கட்டிவிட்டோம் என்பதற்காக இதை ஏன் விட வேண்டும்?

டேஷ்போர்டில் காட்டும் சராசரியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பல வண்டிகளில் அது கொஞ்சம் தாராளமாகவே காட்டும். என் வண்டி 7.1 என்று சொல்லும்போது ரசீதுக் கணக்கு 7.6 வரும். ஷோரூமில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் எரிபொருள் முத்திரையில் இருக்கும் எண்ணும் சோதனைக்கூடத்தில் எடுத்தது. இரண்டு வண்டிகளை ஒப்பிட்டு வாங்க அது நல்ல வழிகாட்டி. காலை எட்டு மணி பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் அதே எண்ணை எதிர்பார்ப்பது வண்டிக்குச் செய்யும் அநியாயம்.

ஒரே ஒரு டேங்கை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். குழாய் நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். ஒரு லிட்டர் முன்பின் ஆனாலே எண் ஏறத்தாழ மூன்று விழுக்காடு நகர்ந்துவிடும். நாலைந்து டேங்கின் சராசரிதான் வண்டியின் உண்மையான எண். முடிந்தால் ஒரே நிலையத்தில், ஒரே பம்பில் ஊற்றுங்கள்.

இந்த எண்ணுக்காக நான் இவ்வளவு வாதாடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஈசூனிலிருந்து ஜூரோங் மேற்குக்கு எஸ்எல்இ, பிகேஇ, கேஜேஇ விரைவுச்சாலைகள் வழியாக வேலைக்குப் போகிறேன். ஒரே பாதை, ஒரே நேரம். ஒரு சமயம் 7.6 மெல்ல 7.9 ஆனது, அப்புறம் 8.4. ஓட்டுவதில் எந்த மாற்றமும் தெரியவில்லை, சத்தம் இல்லை, விளக்கு எதுவும் எரியவில்லை. டயர் காற்றைப் பார்த்தேன், சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்து பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் வண்டியைச் சுற்றிவந்து ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோனபோது, பின்னால் இடது சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தது. பட்டறையில் கழற்றிப் பார்த்தார்கள். பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் ஊசி (பின்) துருவேறி இறுகி, பிரேக் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. சுத்தம் செய்து, கிரீஸ் போட்டு, பேட் மாற்றிய பிறகு எண் பழையபடி 7.6க்கு வந்தது. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் டிஸ்க்கே வீணாகும் வரை தெரிந்திருக்காது. பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு இப்படிப்பட்ட எச்சரிக்கை எவ்வளவு பெறுமதி என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, எண்ணைக் குறைப்பது எப்படி?

முதலில் டயர் காற்று. இதில் செலவே இல்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எவ்வளவு வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். என் வண்டிக்கு 230 கிலோபாஸ்கல். காலையில் டயர் சூடாகும் முன், வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தில் பாருங்கள். விரைவுச்சாலையில் ஓடிவந்த கையோடு பார்த்தால் சூட்டில் அழுத்தம் கூடியிருக்கும். சரியாக இருப்பதாக மெஷின் சொல்லும், மறுநாள் காலை குறைந்திருக்கும்.

அடுத்தது வலது கால். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஆகவே 80இல் போவதற்கும் 100இல் போவதற்கும் உள்ள வித்தியாசம் வெறும் இருபது அல்ல, எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். நம் விரைவுச்சாலைகளில் வரம்பே 70 முதல் 90 வரைதான், இடது தடத்தில் சீராக 80இல் போனால் வீடு சேரும் நேரத்தில் ஓரிரு நிமிடம்தான் கூடும். நகருக்குள் வேகத்தைவிட முக்கியம் முன்னால் பார்ப்பது. தூரத்தில் சிவப்பு விழுந்ததும் காலை எடுத்துவிடுங்கள். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் இப்போதைய எஞ்சின்கள் எண்ணெய் பீய்ச்சுவதையே நிறுத்திவிடும். இதனால்தான் இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுவது தப்பு. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிரேக்கும் போய்விடும். ஆபத்தும் சேர்த்து வாங்குகிறோம்.

பிள்ளைகளுக்கு டியூஷன் முடியும் வரை ஏர்கானைப் போட்டுக்கொண்டு புளோக்கின் கீழே நிற்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அப்போது கிலோமீட்டர் பூஜ்யம், லிட்டர் மட்டும் போய்க்கொண்டிருக்கும். நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம், தேசிய சுற்றுப்புற வாரியம் அபராதம் போடும். அணைத்துவிட்டு புளோக்கின் கீழே திறந்திருக்கும் வெற்றுத்தளத்தில் போய் உட்காருங்கள், காற்றாவது வரும். ஓடும்போது ஏர்கானை அணைக்கச் சொல்ல மாட்டேன், இந்த வெயிலில் அது நடக்காது. மேல்தளத்துக்குப் போகாமல் நிழலான தளத்தில் நிறுத்துவதும், கிளம்பியதும் கண்ணாடியை இறக்கி அனலை வெளியேற்றிவிட்டு ஏர்கானைப் போடுவதும் போதும்.

98 ஊற்றினால் அதிக தூரம் ஓடும் என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆக்டேன் எண் என்பது எஞ்சினில் 'நாக்' (எண்ணெய் நேரம் தவறித் தானாக எரிந்து தட்டுவது) வராமல் தாங்கும் திறன், எண்ணெயில் உள்ள சக்தியின் அளவு அல்ல. எண்ணெய் மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 95 போதும் என்று இருந்தால் 95 போதும்.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் போகிறவராக இருந்தால் அந்த டேங்கைத் தனியாகக் குறித்து வையுங்கள். 1991இலிருந்து முக்கால் டேங்க் இருந்தால்தான் சிங்கப்பூரை விட்டு வெளியே விடுவார்கள் என்பது தெரிந்ததே, அங்கே வெளிநாட்டு வண்டிகளுக்கு ரான் 95 கிடையாது, ரான் 97தான். அங்கே ஊற்றிய லிட்டரையும் சேர்க்காவிட்டால் கணக்கு அபாரமான எண் ஒன்றைக் காட்டும், அது பொய். சேர்த்து எழுதினால், வெள்ளிக்கிழமை மாலை கடற்பாலத்தில் ஊர்ந்ததற்கு எவ்வளவு போனது என்று தெரியும். எங்கள் புளோக்கில் ஓர் அண்ணன் அப்படி எழுதிப் பார்த்துவிட்டு, இப்போது ஞாயிறு விடியற்காலையில்தான் கிளம்புகிறார்.

உங்கள் வண்டிக்கு நான் சொல்லும் வரிசை இது. நாளைக் காலை டயர் காற்று. வண்டியின் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் கிடக்கும் தேவையில்லாத சாமானை இறக்கிவிடுங்கள். பிறகு எதையும் மாற்றாமல், எப்போதும் ஓட்டுவது போலவே ஓட்டி நாலு டேங்க் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். அடுத்த நாலு டேங்குக்கு வலது காலை மட்டும் மாற்றுங்கள். அதற்குப் பிறகும் 9.5க்குக் கீழே வரவில்லை என்றால் பட்டறையில் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், தெர்மோஸ்டாட், ஆக்சிஜன் சென்சார், நாலு சக்கர பிரேக், இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது எழுதிய எண்களைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். 'எண்ணெய் ரொம்பக் குடிக்குது' என்று வாயால் சொல்வதைவிட, எந்த மாதத்திலிருந்து எவ்வளவு ஏறியது என்பதைப் பார்த்தால் மெக்கானிக்குக்கு எங்கே தொடங்க வேண்டும் என்று பிடிபடும்.