ஒரு சிறுமியின் யோசனை வண்டியாக மாறியது எப்படி?

"என் தங்கை நோட்டில் சூரிய ஒளியில் ஓடும் பொருள் ஒன்றை வரைந்திருக்கிறாள். கல்லூரி மாணவன் நான், அதைச் செய்து காட்ட முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். திருவண்ணாமலை வினிஷா உமாசங்கரைப் பாருங்கள். தெருவில் இஸ்திரி போடுபவர் எரிந்த கரியைக் கொட்டுவதைக் கவனித்த பள்ளிச் சிறுமி, சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை யோசித்தார். தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் பொறியாளர்கள் அதற்கு மாதிரி வடிவம் செய்ய உதவினார்கள். 2020இல் சிறுவர் காலநிலைப் பரிசு, 2021இல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டு மேடை எல்லாம் அப்புறம் வந்தவை.

தங்கை வரைந்தது எதுவானாலும், நீங்கள் முதலில் உட்கார வேண்டியது மின் கணக்கில். இஸ்திரி வண்டியையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம். 250 வாட் சூரிய மின் பலகை ஐந்து மணி நேரம் நல்ல வெயிலில் நின்றால் அதிகபட்சம் 1,250 வாட்-மணி மின்சாரம் கிடைக்கும். நடைமுறையில் இன்னும் குறையும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி விடாமல் இழுத்தால் அது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். ஆனால் சூடு போதுமான அளவை எட்டியதும் பெட்டி தானாக அணைந்து, ஆறியதும் மறுபடி எரியும். எனவே பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை நம்பாதீர்கள். ஒரு மணி நேரம் துணி தேய்த்து, உண்மையில் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று மீட்டர் வைத்து அளந்த பிறகே பேட்டரி வாங்குங்கள். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். பேட்டரிக்கு ஃபியூஸ் கட்டாயம்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம்: வடிவத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் தங்கையிடம் கேளுங்கள். யோசனை அவளுடையது, பெயரும் அவளுடையதாகவே இருக்கட்டும்.