பத்திரத்தை அடகு வைக்காதீர்கள், சாயப்பட்டறைப் பக்கம் பாருங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பிளஸ் டூ முடித்த மகளுக்குக் கெமிஸ்ட்ரி என்றால் உயிர், கம்ப்யூட்டர் என்றால் கசப்பு. பெரியப்பாவோ கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட்டே பேசிவிட்டாராம். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்று கேட்கிறார்.

வைக்காதீர்கள் அம்மா. கவுன்சலிங்கில் சேர்ந்தால், வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கும் பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசே கட்டணம் கட்டுகிறது. கோட்டாவில் போனால் இரண்டும் கிடையாது. பெரியப்பா சீட்டுதான் பேசுவார், வட்டி கட்டப் போவது நீங்கள்.

மெடிக்கல், ஐ.டி. பற்றியெல்லாம் ஊரே பேசுகிறது, நான் வேறு எதற்கு? உங்கள் பெண்ணுக்கு நான் சொல்வது டெக்ஸ்டைல் டெக்னாலஜி, அதிலும் சாயமேற்றும் பக்கம்.

2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். சொட்டுக் கழிவுநீரும் நொய்யல் ஆற்றுக்குப் போகக் கூடாது என்ற பிறகுதான், தண்ணீரையும், சாயம் துணியில் ஏறுவதற்காகப் போடும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் வேலை இங்கே வேகம் பிடித்தது. ஆர்.ஓ. வடிகட்டியில் நல்ல தண்ணீர் பிரிந்துவிடும். மிஞ்சும் உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்ச வேண்டும். பணத்தைத் தின்பது அந்த விறகும் கரண்டும்தான். சாயத்துக்குப் போடும் சோடியம் சல்பேட் உப்பு தனியாகப் பிரிந்தால் பட்டறைக்கே திரும்பும். பிரியாத கலப்பு உப்பை வாங்க ஆளில்லாமல் ஷெட்டில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். மீட்ட உப்பில் கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசியம் கலப்பு) கொஞ்சம் ஏறினாலும் துணியின் ஷேடு மாறும், வாங்கும் பையர் மொத்த லாட்டையே திருப்பிவிடுவார். அந்தப் பயத்தில் புது உப்பையே வாங்கும் முதலாளிகள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நஷ்டம் அவர்கள் தலையில்தானே.

துணி வெட்டும்போது மிஞ்சும் கட்டிங் வேஸ்ட்டை மறுபடி பயன்படுத்துவதும் அப்படித்தான், உங்கள் வீட்டுக்காரரையே கேளுங்கள். வெள்ளையும் கலரும் ஒரே மூட்டையில், நடுவே லைக்ரா என்ற இழுபடும் இழை கலந்த துணி வேறு. கையால் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கினால் இழை குட்டையாகிவிடும். இந்தப் பஞ்சை நூற்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்லில் தடித்த நூல்தான் வரும், பாலியஸ்டர் சேர்த்தால்தான் பலம். போதாததற்கு, இந்தப் பஞ்சு எங்கிருந்து வந்தது என்று வெளிநாட்டு பையர் சான்றிதழ் கேட்கிறார். கழிவுத் துணி வியாபாரத்தில் பில்லுக்கு எங்கே போவது?

இந்த முடிச்சுகளை அவிழ்க்க நல்ல இயந்திரம் மட்டும் போதாது. லேப் டிப் (சின்னத் துணித் துண்டில் சாய மாதிரி) போட்டுப் பார்த்து, டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் அளவு), கடினத்தன்மை அளந்து, 'இந்த உப்பைத் தைரியமாகப் போடலாம்' என்று கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். கெமிஸ்ட்ரி பிடித்த பிள்ளைக்கு இது வேலையாகவே தெரியாது. கோடிங் பிடிக்காத பிள்ளையை நாலு வருஷம் கம்ப்யூட்டர் முன் கட்டிப்போடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

சூடும் நாற்றமும் ஷிப்டும் உண்டு, ஆரம்பச் சம்பளமும் ஐ.டி.யைவிடக் குறைவாக இருக்கலாம். இதை மகளிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

சென்னையில் ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), கோவையில் பி.எஸ்.ஜி., குமரகுரு கல்லூரிகளில் இந்தப் படிப்பு இருக்கிறது. சாய்ஸ் கொடுக்கும் முன் மகளைக் கூட்டிப் போய், சாயமேற்றும் லேப் ஓடுகிறதா, மாணவர்களைப் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்களா என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். பெரியப்பாவை அன்றைக்கு அழைத்துப் போக வேண்டாம்.