ஸ்டோர் முதலாளி வங்குரோத்தாகிவிட்டார், அண்ணனின் கைக்கு நட்டஈடு கிடைக்குமா?

தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அண்ணனுக்குக் கை அடிபட்டு எட்டு மாதமாகிறது, முதலாளி வங்குரோத்து என்று கேட்டைப் பூட்டிவிட்டார், இனி யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்டைப் பூட்டியதோடு அண்ணனின் உரிமை போய்விடாது, தம்பி. எங்கள் அப்பாவுக்கும் இதுதான் நடந்தது. நாவலப்பிட்டிப் பக்கம், கொழுந்து வாங்கி அரைக்கும் தனியார் ஸ்டோர். ரோலரில் வலது பெருவிரலும் அடுத்த விரலும் போய்விட்டன. நாலு மாதத்தில் ஸ்டோரை மூடினார்கள். கட்டடமும் மெஷினும் வங்கியில் அடகு. "வித்து மிஞ்சினா தருவோம்" என்ற பேச்சை நம்பிச் சும்மா இருந்துவிட்டோம். நீங்கள் அப்படி இருக்காதீர்கள்.

விபத்துக்கு முதலாளி காப்புறுதி எடுத்திருந்தாரா என்று முதலில் தேடுங்கள். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இலேயே வந்தது. அதன்படி, முதலாளி வங்குரோத்தானால், காப்புறுதிக் கம்பனியிடம் அவருக்கு இருந்த உரிமை அடிபட்டவருக்கே வந்துவிடும். அந்தக் காசு மற்றக் கடன்காரர்களுக்குப் பங்கு போகாது. காப்புறுதி போதாவிட்டால், மிச்சத்துக்குத்தான் கம்பனியைக் கலைப்பவரிடம் (மூடிய கம்பனியின் சொத்தை விற்றுக் கடன் தீர்ப்பவரிடம்) எழுத்தில் கேட்க வேண்டும்.

எங்களுக்கு அந்தத் துப்பு கிடைத்தது பழைய கிளாக்கர் ஐயா வீட்டில். கொழுந்துக் கணக்குக் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த தவணைப் பற்றுச்சீட்டு, ஓரமெல்லாம் தேயிலைச் சாயம். அதில் காப்புறுதி இலக்கம் இருந்தது. அதையும் ஆஸ்பத்திரித் துண்டையும், அன்று வேலைக்குப் பேர் விழுந்த செக்ரோல் (வருகைப் பதிவு) பிரதியையும் சேர்த்து, தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பம் போட்டோம். அப்பாவுக்குப் பக்கத்து ரோலரில் நின்றவர் சாட்சி சொன்னார். உங்கள் அண்ணனோடு நின்றவர்கள் கொழும்புக்கு வேலை தேடிப் போகுமுன் இப்போதே எழுதி வாங்குங்கள். விண்ணப்பத்தையும் தள்ளிப்போடாதீர்கள், அதற்குக் காலக்கெடு உண்டு.

அப்புறம், சேமலாப நிதியும் பணிக்கொடையும் வேறு கணக்கு. அண்ணன் ஐந்து வருடம் வேலை செய்திருந்தால், பதினைந்து பேருக்குக் குறையாத இடமென்றால், 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை உண்டு. இதற்குத் தொழில் திணைக்களத்தில் தனியாக முறையிடுங்கள். "எல்லாம் தீர்ந்தது" என்று ஒரே தாளில் கையெழுத்துக் கேட்டால் போடவே வேண்டாம். எங்களிடமும் நீட்டினார்கள். வலது பெருவிரல் அடையாளம் வைக்கச் சொன்னார்கள், அந்த விரல் இல்லாத மனுசனிடம். அப்பா தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.