கடற்காகத்தை எண்ண 150 வெள்ளியா?

கேள்வி: பினாங்கில் நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் 31 ஆண்டுகள் வேலை செய்து, மண்டோராக (மேற்பார்வையாளராக) ஓய்வு பெற்றவன் நான். படிப்பு, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. ஜனவரியில் கடலோரத்தில் கடற்காகங்களை எண்ண ஆள் வேண்டும் என்று பேத்தியின் கைப்பேசிக்குச் செய்தி வந்திருக்கிறது. போக ஆசையாக இருக்கிறது. ஆனால் பறவைப் பெயர்கூடத் தெரியாத நான் தவறாக எண்ணிவிட்டால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடாதா? இன்னொன்று, டவுனில் ஒருவர் 150 வெள்ளி கட்டினால் டீசட்டை, சான்றிதழ், படகுச் சவாரி எல்லாம் சேர்த்து ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: ஐயா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள்.

இந்த வேலைக்குப் பெயர் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. வெட்லண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு இதை ஒருங்கிணைக்கிறது. நம் நாட்டில் மலேசிய இயற்கைச் சங்கத்தினர் நெடுங்காலமாக இதற்கு உழைத்து வருகிறார்கள். எண்ணப் போகிறவர்கள் சொந்த நேரத்தில், சொந்த பெட்ரோலில் போகிற தன்னார்வலர்கள். இதற்கு நுழைவுக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. ஆனால் எங்கே சான்றிதழ் என்ற பேச்சு எழுகிறதோ அங்கே ஒரு தரகர் முளைத்துவிடுகிறார். டீசட்டையின் அடக்க விலை என்ன, மீதி எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை உங்களைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்.

பணம் போவதைக்கூட விட்டுவிடலாம். எனக்குக் கோபம் அந்தப் படகின் மேல்தான். கடல் நீர் ஏறி வரும்போது பறவைகள் மிச்சமிருக்கிற சேற்றுத்திட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஓய்வெடுக்கும். எண்ணுவதற்கு ஏற்ற நேரமும் அதுதான். அப்போது பார்த்து இயந்திரப் படகை அருகில் விட்டால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். படகில் இருப்பவருக்கு நல்ல படம் கிடைக்கும். கரையில் பாதி எண்ணிய நிலையில் இருப்பவர் தலையில் கை வைத்துக்கொள்வார். எழும்பிய 200 பறவைகள் மூன்றாகப் பிரிந்து மூன்று இடங்களில் இறங்கும். ஒரு மைல் தள்ளி நிற்கும் வேறொரு தன்னார்வலர் அவற்றையே புதிதாக எண்ணி எழுதிக்கொள்வார். கூட்டத்தை எழுப்பச் சொல்லிப் புகைப்படக்காரர்கள் படகோட்டியின் கையில் தனியாகப் பணம் திணிப்பதை நானே கரையில் நின்று பார்த்திருக்கிறேன். கணக்கு கெடுவது இப்படித்தான், ஐயா. உங்கள் ஆறாம் வகுப்பால் கெடுவதில்லை.

தொலைநோக்கி விஷயத்திலும் ஏமாந்துவிடாதீர்கள். இணையக் கடைகளில் ‘நூறு மடங்கு பெரிதாகத் தெரியும்’ என்று ஐம்பது அறுபது வெள்ளிக்கு விற்கிறார்கள். அது சுத்தப் புரட்டு. பத்து மடங்கைத் தாண்டினாலே கை நடுக்கத்தில் பறவையும் சேர்ந்து நடுங்கும். தொலைநோக்கியின் மேல் 8, 42 என்று இரண்டு எண்கள் பொறித்திருக்கும். எட்டு மடங்கு உருப்பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி என்று பொருள். அது உங்களுக்குப் போதும். இல்லாவிட்டால் குழுவில் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம். ஒரு நாளுக்கு யாரும் மறுக்க மாட்டார்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். காலைப் பெரட்டில் ஆள் எண்ணி, செக்ரோலில் பெயர் குறித்து, வெட்டிப் போட்ட குலைகளைச் சாலையோரத்தில் எண்ணி எழுதியவர் நீங்கள். மரத்தில் நிற்கும் கறுப்புக் குலைகளை எண்ணி, வரும் மாதங்களில் எவ்வளவு விளையும் என்று அலுவலகத்துக்குக் கணக்குக் கொடுத்த பழக்கமும் இருக்கும். தோட்டத்து மரம் முழுவதையுமா எண்ணினீர்கள்? சில நிரைகளை ஒழுங்காக எண்ணி, மொத்த மரங்களுக்குப் பெருக்கினீர்கள். பறவைக் கூட்டத்தையும் அப்படித்தான் எண்ணுகிறோம். நூறுக்குள் இருந்தால் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அதற்கு மேல் போனால், முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, பத்து என்பது கண்ணுக்கு எவ்வளவு அகலம் என்று மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அகலத்தைக் கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போங்கள். கூட்டத்தின் நடுவில் நெரிசல் அதிகம், ஓரத்தில் குறைவு. ஓரத்தில் அளவெடுத்தால் மொத்தம் குறைந்துவிடும். பெரிய கூட்டத்தைப் பார்க்கும்போது மனிதக் கண் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறது என்பதும் நினைவிருக்கட்டும். மூன்று முறை எண்ணி 180, 210, 195 என்று வந்தால் 195 என்று எழுதுங்கள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று 200 ஆக்க வேண்டாம்.

அப்படியும் பத்து இருபது தவறினால்? தவறட்டும். ரப்பர்க் காலத்தில் பால் நிறுக்கும் தராசைப் பற்றி உங்கள் பெற்றோர் சொல்லியிருப்பார்கள். தராசு கொஞ்சம் குறைத்தே காட்டினாலும், எல்லா நாளும் ஒரே தராசாக இருந்தால் நேற்றைவிட இன்று பால் கூடியதா குறைந்ததா என்பது தெரிந்துவிடும். கணக்கெடுப்புக்கும் முக்கியமாக வேண்டியது அந்தக் கூடுதல் குறைவுதான். அதனால் ஒரே ஆள், ஒரே இடம், ஒரே முறை என்று ஆண்டுதோறும் எண்ணினால் சிறு பிழைகள் பெரிதாகப் பாதிக்காது. ஆண்டுக்கொரு தராசு மாற்றுகிறவர்கள்தான் தொல்லை. எண்ணிக்கை கூடினால் கடற்கரையைக் காப்பாற்றலாம் என்ற நல்லெண்ணத்தில் ஒன்றுக்கு இரண்டாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இன்னும் மோசம். ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் ஒரு விழுக்காடு ஓரிடத்தைத் தொடர்ந்து நம்பி வாழ்ந்தால் அந்த ஈரநிலம் அனைத்துலக முக்கியத்துவம் உடையது என்பது ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையின் அளவுகோல்களில் ஒன்று. ஊதிய எண் ஒன்று அகப்பட்டுவிட்டால் அந்த இடத்தைப் பற்றிய நல்ல எண்களையும் சேர்த்துக் குப்பையில் போடுவார்கள்.

பெயர் விஷயம் நீங்கள் நினைப்பது போல மலைப்பானது அல்ல. நம் மேற்குக் கரையில் குளிர்காலத்தில் கூட்டமாகத் தெரியும் கடற்காகம் பெரும்பாலும் பழுப்புத்தலைக் கடற்காகம். திபெத்துப் பக்கத்து உயர்ந்த ஏரிகளில் முட்டையிட்டுவிட்டுப் பனிக்காலத்துக்கு இங்கே வருகிறது. நம்மூர்க் காகத்தின் பருமன் இருக்கும். பெயரில் பழுப்புத் தலை இருக்கிறதே என்று பழுப்பைத் தேடாதீர்கள். ஜனவரியில் தலை வெள்ளையாகி, கண்ணுக்குப் பின்னால் மை தீற்றியதுபோல ஒரு கறை மட்டும் இருக்கும். சிவந்த அலகு, கறுத்த அலகு நுனி. இறக்கை நுனியும் கறுப்பு, அதில் வெள்ளைப் பொட்டு.

இதோடு குழம்புவது ஆலா. மலாயில் இரண்டையும் ‘சாமார்’ என்றே சொல்லிவிடுவதால் மீனவர்களிடம் கேட்டும் பயனில்லை. ஆலா ஒல்லி, இறக்கை கத்திபோலக் கூர்மை, வால் பிளந்திருக்கும், குனிந்து தண்ணீரையே பார்த்தபடி பறந்து திடீரென்று பாயும். கடற்காகம் தண்ணீரில் வாத்துபோல மிதந்து சொகுசாக உட்காரும், ஆலா அப்படி உட்காருவது அரிது. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் முதல் ஆண்டுக்குப் போதும். வகை தெரியாவிட்டால் ‘கடற்காகம், வகை தெரியவில்லை’ என்று எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பக்கத்தில் நிற்பவர் ‘கருந்தலைக் கடற்காகம் என்று போடுங்கள்’ என்றால் போட வேண்டாம், அவர் மூன்று கேமரா மாட்டியிருந்தாலும் சரி.

உட்கார்ந்திருக்கும் பறவையை மட்டும் எண்ணுங்கள், பறப்பதை விட்டுவிடுங்கள் என்று குழுவில் சொல்லித் தருவார்கள். நல்ல விதிதான். கடற்காகத்துக்கு மட்டும் இது முழுவதும் பொருந்தாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உள்ளான் போன்ற கரையோரப் பறவைகளுக்குச் சேறு வேண்டும். கடற்காகத்துக்கு மீன்படகு போதும். சுங்கை ஊடாங் போன்ற மீனவர் குடியிருப்புகளில் படகு கரை திரும்பும்போது கழிவு மீனுக்காகப் பின்னாலேயே ஒரு கூட்டம் பறந்து வரலாம். அவை உட்காரும் வரை காத்திருந்தால் அன்றைக்குக் கணக்கே இல்லை. ஆகவே அங்கே பறப்பதையும் எண்ணத்தான் வேண்டும். ஆனால் முதல் படகோடு 60, இரண்டாவதோடு 70, மூன்றாவதோடு 50, ஆக மொத்தம் 180 என்று கூட்டிவிடக் கூடாது. முதல் படகில் மீன் தீர்ந்ததும் அதே பறவைகள் திரும்பிப் போய் அடுத்த படகைப் பிடித்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் நீங்கள் கண்ட மிக அதிகமான எண் எதுவோ அதுதான் உங்கள் கணக்கு. இங்கே அது 70. இரண்டு படகுகள் ஒன்றாக வந்து இரண்டின் மேலும் ஒரே பார்வையில் பறவைகள் தெரிந்தால் இரண்டையும் கூட்டலாம். மாலையில் தங்குமிடத்துக்கு வரிசையாகப் போகும் பறவைகள் என்றால் முறை வேறு. ஒரு கம்பத்தையோ மதகையோ குறியாக வைத்துக்கொண்டு, அதைக் கடந்து ஒரு திசையில் போகிறவற்றை எண்ணி, திரும்பி வருகிறவற்றைக் கழித்துவிடுங்கள். இந்தக் கழித்தலை மறந்த ஒருவரோடு இரண்டு மணி நேரம் வாதாடியிருக்கிறேன். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

நேரம் பார்க்க அலை ஏற்ற இறக்க அட்டவணை வேண்டும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே இடத்தில் இருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மிக உயர்ந்து திட்டு முழுவதும் மூழ்கிவிட்டால் பறவைகள் வேறு இடம் தேடிப் போய்விடும். எண்ணும் நாட்களில் பொங்கல் குறுக்கிடும், சில ஆண்டுகளில் தைப்பூசமும் பக்கத்தில் வரும். தண்ணீர்மலைக்குக் காவடி நேர்ந்திருந்தால் வேறு வார இறுதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சேற்றில் மட்டும் இறங்காதீர்கள். கரையில் நின்றே எண்ணலாம்.

எங்கே போய் எண்ணுவது என்று குழுவே சொல்லும். பினாங்குப் பெருநிலத்தில் தெலுக் ஆயர் தாவார் தொடங்கி கோலா மூடா வரையிலான சேற்றுக்கரை பறவைக்காரர்களுக்கு நன்கு பழகிய இடம். அதன் ஒரு துண்டு கிடைத்தால் மறுக்காதீர்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே வேண்டும் என்றால் பூலாவ் பூரோங் பக்கம் கேட்டுப் பாருங்கள். பறவைத் தீவு என்று பெயர் வாங்கிய இடத்தில் குப்பைமேடு வைத்து, அது 2022-இல் தீப்பிடித்து ஊரையே புகையில் மூழ்கடித்த கூத்து உங்களுக்குத் தெரியாததா?

பொறுமையைச் சோதிப்பது காகித வேலை. படிவம் ஆங்கிலத்தில் இருக்கும், பறவைப் பெயர் லத்தீனில் இருக்கும். இத்தனை ஆண்டுகளாகத் தோட்டப்புற மக்கள் வாழும் கடற்கரைக்குத் தமிழில் ஒரு பக்கம் அச்சடிக்க யாருக்கும் தோன்றவில்லை. தடுப்புக் கரையில் நடக்க அனுமதிக் கடிதம் கேட்பார்கள். கேட்டு எழுதினால் பதில் வராது. ஓர் அலுவலகத்துக்கு அக்டோபரில் எழுதிய கடிதத்துக்கு எனக்கு மார்ச்சில் அனுமதி கிடைத்தது. அதற்குள் பறவைகள் கிளம்பத் தொடங்கிவிட்டன. ஆகவே தனி ஆளாக அலையாமல் குழுவின் பெயரில் கடிதம் வாங்கச் சொல்லிவிடுங்கள். தனியார் தோட்டத்துக் குளம் என்றால் அந்தத் தோட்ட நிர்வாகத்திடம் நேரில் போய்க் கேளுங்கள். பழைய மண்டோர் என்ற மரியாதை எந்தக் கடிதத்தையும்விட வேகமாக வேலை செய்யும்.

செத்த பறவை கிடந்தால் கையால் தொடாதீர்கள், பேத்தியையும் தொட விடாதீர்கள். 2005-இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் பறவைக்காய்ச்சல் கொன்ற பறவைகளில் இதே பழுப்புத்தலைக் கடற்காகமும் உண்டு. இடத்தைக் குறித்துக்கொண்டு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லிவிடுங்கள்.

போன இடத்தில் ஒரு கடற்காகம்கூட இல்லை என்றால் படிவத்தில் 0 என்று எழுதிக் கொடுங்கள். வெறும் கையோடு போவதா என்று வெட்கப்பட்டுப் பலர் படிவத்தையே அனுப்புவதில்லை. பிறகு பார்க்கிறவருக்கு, அங்கே பறவை இல்லையா, ஆள்தான் போகவில்லையா என்று தெரியாமல் போகிறது.

தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்து எழுதிவிட்டு மறுபடி பார்த்தால் எங்கே விட்டோம் என்பது மறந்துவிடும். அதனால் எண்ண ஒருவர், எழுத ஒருவர் வேண்டும். பேத்தியை அழைத்துப் போங்கள். நீங்கள் பத்துப் பத்தாகச் சொல்லுங்கள், அவர் கோடு போடட்டும். அந்த ஆங்கிலப் படிவத்தையும் வீட்டுக்கு வந்து அவரே நிரப்பிவிடுவார். பேனா வேண்டாம், பென்சில் கொண்டு போங்கள். கடல் காற்றில் தாள் ஈரமானாலும் எழுத்து கரையாது.