ஒரே வருஷத்தில் 'மாஸ்டர் சொமலியே' ஆக்கிவிடுவார்களா?

கேள்வி: ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடித்துவிட்டு துபாய் ஹோட்டல் ஒன்றில் 3 வருடமாக வெயிட்டராக இருக்கிறேன். வயது 26. 'சாம்' என்ற ஆவணப்படத்தைப் பார்த்ததிலிருந்து சொமலியே (ஹோட்டலில் ஒயினைத் தேர்ந்து பரிமாறும் நிபுணர்) ஆக வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. ஊரில் ஒரு ஏஜென்ட், மூன்றரை லட்சம் கட்டினால் ஆன்லைனிலேயே ஒரு வருடத்தில் 'இன்டர்நேஷனல் மாஸ்டர் சொமலியே' சான்றிதழும், சொகுசுக் கப்பலில் வேலையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பாதிப் பணத்தை இந்த மாதமே கேட்கிறார். கட்டலாமா? எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. அது தடையா?

பதில்: கட்டாதீர்கள். முழுவதையும் படிக்க நேரமில்லை என்றால் இந்த ஒரு வார்த்தை போதும்.

முதலில் படத்துக்கு வருவோம். ஜேசன் வைஸ் இயக்கி 2012-ல் வெளிவந்த படம் அது. அமெரிக்காவில் நான்கு இளைஞர்கள் மாஸ்டர் சொமலியே தேர்வுக்குத் தயாராவதைக் காட்டுகிறது. ராத்திரி பகலாக அட்டைகளைப் புரட்டி மனப்பாடம் செய்கிறார்கள், கிளாஸ் கிளாஸாக முகர்ந்து முகர்ந்து துப்புகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு ஏதோ சில வாரம் வெறியோடு உட்கார்ந்தால் முடிந்துவிடும் போலத் தோன்றும். அந்த நால்வரும் அதற்குள் பல வருஷம் இந்தத் தொழிலிலேயே ஊறியவர்கள். படம் காட்டுவது கடைசிப் படியை மட்டும்தான்.

தேர்வு நடத்துவது 'கோர்ட் ஆஃப் மாஸ்டர் சொமலியேஸ்'. முதல் தேர்வு 1969-ல் லண்டனில் நடந்தது, அமைப்பு 1977-ல் உருவானது. இன்ட்ரடக்டரி, சர்ட்டிஃபைட், அட்வான்ஸ்டு, மாஸ்டர் என்று நான்கு படிகள். கீழே தேறாமல் மேலே ஏற முடியாது. கடைசிப் படியில் வாய்மொழியாகக் கேள்வி பதில், பரிமாறும் திறன், கண்டறிதல் என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுக்க வேண்டும். கண்டறிதலில் பெயர் சொல்லாமல் ஆறு ஒயின் வைப்பார்கள். 25 நிமிடத்தில் ஆறுக்கும் நிறம், மணம், ருசி சொல்லி, எந்தத் திராட்சை, எந்த நாடு, எந்தப் பகுதி, எந்த வருஷம் என்று முடிக்க வேண்டும். கிளாஸுக்கு நாலு நிமிஷம்தான்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பச்சைக் குடைமிளகாய் வாசனை வந்தால் திராட்சை கேபர்னே குடும்பமா, சோவினியான் பிளாங்கா என்று யோசிப்பார்கள். பைரசின் என்ற பொருள் அந்த வாசனையைத் தருகிறது. பழைய ரீஸ்லிங் ஒயினில் பெட்ரோல் வாடை அடிக்கும். சிரா ஒயினில் மிளகு. ஒவ்வொரு தடயமாகப் பிடித்து, பொருந்தாததைத் தள்ளிக்கொண்டே வருவார்கள். மூக்குக்குத்தான் முக்கால்வாசி வேலை. வாயில் வைத்ததைத் துப்புவதற்குப் பக்கத்திலேயே பாத்திரம் இருக்கும். ஆகவே உங்களுக்குக் குடிப்பழக்கம் இல்லாதது தடையே இல்லை. குடித்துக் கெட்ட நாக்கை விட அது மேல்.

இனி ஏஜென்ட் விஷயம். மாஸ்டர் பட்டத்தை ஆன்லைனில் யாரும் தர முடியாது. நேரில் பாட்டில் திறந்து, நேரில் முகர்ந்து, நேரில் பதில் சொல்ல வேண்டிய தேர்வு. 1969 முதல் இன்றுவரை உலகம் முழுக்கத் தேறியவர்களே 300 பேரை ஒட்டித்தான் இருப்பார்கள். உங்கள் ஏஜென்ட் வருஷத்துக்கு ஒரு பேட்ச் இறக்குகிறாராம்! தேர்வுக் கட்டணத்தை அந்த அமைப்புக்கு நாமே நேரடியாகக் கட்டலாம். நடுவில் ஒருவர் எதற்கு?

தங்க முத்திரை, 'ஐ.எஸ்.ஓ. தரச்சான்று பெற்ற நிறுவனம்', 'சர்வதேச அங்கீகாரத்துக்கு இணையான' மாதிரி வார்த்தைகளைக் கண்டால் பர்ஸை மூடுங்கள். இணையான என்றாலே அது இல்லை என்றுதான் பொருள். இப்படி ஒரு சான்றிதழோடு எனக்குத் தெரிந்த பையன் நேர்காணலுக்குப் போனான். மேனேஜர் சான்றிதழைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு ஷாம்பெயின் பாட்டிலைக் கையில் கொடுத்தார். பையன் கார்க்கைக் கட்டியிருக்கும் கம்பியை முழுசாகப் பிரித்து எடுத்துவிட்டு, சினிமாவில் பார்த்தபடி கார்க்கை நெம்பினான். அது கூரையில் போய் அடித்தது. கம்பியை ஆறு அரைச்சுற்று சுற்றித் தளர்த்தி, கட்டைவிரலைக் கார்க் மேலிருந்து எடுக்காமல், கார்க்கைப் பிடித்தபடி பாட்டிலைத் திருப்ப வேண்டும். உள்ளே ஐந்தாறு மடங்கு காற்றழுத்தம் இருக்கிறது. பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் வந்தால் போதும். லட்சக்கணக்கில் வாங்கியவர்கள் இந்த ஒரு நிமிஷப் பாடத்தைச் சொல்லித் தரவில்லை.

கப்பல் வேலை என்று சொன்னது இன்னும் மோசம். கப்பலுக்கு ஆள் எடுக்க, மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வேண்டும். அந்த உரிமம் வைத்திருப்பவர்கள் வேலை வாங்கித் தருவதற்காக வேலை தேடுகிறவரிடம் பணம் வாங்கவே கூடாது. கரையில் வெளிநாட்டு வேலை என்றாலும், பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். மூன்றரை லட்சம் எந்தக் கணக்கிலும் வராது.

ஆனால் ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நல்லவர்களையும் நீங்கள் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். டபிள்யூ.எஸ்.இ.டி. என்று லண்டனில் ஒயின் படிப்புக்கான இன்னொரு அமைப்பு இருக்கிறது. அது 1969-ல் தொடங்கியது. அதன் படிப்பை உலகெங்கும் அங்கீகாரம் பெற்ற வெளி நிறுவனங்கள் நடத்துகின்றன. அதனால் சென்னையிலோ மும்பையிலோ ஒருவர் 'டபிள்யூ.எஸ்.இ.டி. வகுப்பு எடுக்கிறேன்' என்று பணம் வாங்கினால் அது மோசடி என்று சொல்லிவிட முடியாது. அங்கீகாரம் பெற்றவர் பெயர் அந்த அமைப்பின் இணையதளப் பட்டியலில் இருக்கும். இல்லையென்றால் இல்லை. 'அவர்களோடு தொடர்பில் இருக்கிறோம்', 'அவர்கள் பாடத்திட்டப்படி நடத்துகிறோம்' என்பதெல்லாம் அங்கீகாரம் ஆகாது. திரும்பச் சொல்கிறேன், பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அப்புறம், அங்கே தருவது மாஸ்டர் சொமலியே பட்டம் இல்லை. இது வேறு ஏணி.

மாஸ்டர் சொமலியே என்ற அந்தப் பெரிய ஏணியும் அவ்வளவு அழகானது இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று பகுதியையும் குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்காவிட்டால், தேறியதும் காலாவதியாகிவிடும். மறுபடி முதலிலிருந்து. கண்டறிதலில் தோற்றவனுக்கு, வைத்த ஆறு ஒயின் என்னவென்றுகூடச் சொல்லாமல் அனுப்பிய அமைப்பு அது. என்ன தப்பு என்று தெரியாமல் எப்படித் திருத்திக்கொள்வது? 2018-ல் செயின்ட் லூயிஸில் நடந்த தேர்வில், உள்ளே இருந்த ஒரு மாஸ்டரே ஒயின் விவரத்தைக் கசியவிட்டார். விளைவு, தேறிய 23 பேரின் கண்டறிதல் முடிவை ரத்து செய்தார்கள். யோக்கியமாக எழுதியவனும் சேர்ந்தே அடிபட்டான்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது சின்ன விஷயம். துபாயிலேயே டபிள்யூ.எஸ்.இ.டி. இரண்டாம் நிலை படிக்கலாம். 50 கேள்வி, ஒரு மணி நேரம், 55 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. சில ஹோட்டல்கள் செலவையும் ஏற்கும், மேனேஜரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ஒயின் இருப்புக் கணக்கு எடுக்கிற வேலையை நீங்களாகக் கேட்டு வாங்குங்கள். விருந்து முடிந்து திறந்த பாட்டில் மிஞ்சினால், அனுமதி கேட்டு ஒவ்வொன்றையும் முகர்ந்து நோட்டில் எழுதுங்கள். ஒயின்ஷாப்பில் ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கிற நம் ஊரில் இருப்பவருக்கு இந்த வசதி கிடையாது. பிளாக்கரன்ட் என்று புத்தகம் சொல்லும், உங்கள் மூக்கு நாவல்பழம் என்று சொல்லும். நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், தேர்வில் புத்தகத்தின் சொல்லைச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் அடுத்த முறை கூப்பிட்டால் ஆர்.பி.எஸ்.எல். உரிம எண்ணை மட்டும் கேளுங்கள் தம்பி. எண்ணைச் சொல்லிவிட்டார் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.