சொந்த நிரலகத்தைப் பதிலில் பரிந்துரைக்கலாமா?

தாங்களே எழுதிய நிரலகத்தை (பிறர் தம் நிரலில் எடுத்தாளக்கூடிய ஆயத்த நிரல்தொகுப்பை) ஒரு கேள்வி-பதில் தளத்தில் பரிந்துரைத்த பதில் ஏன் விளம்பரம் என்று நீக்கப்பட்டது எனக் கேட்டிருக்கிறீர்கள். பரிந்துரைப்பது குற்றமன்று, அது உங்களுடையது என்பதைச் சொல்லாமல் விடுவதே குற்றம். 2008இல் தொடங்கிய, நிரலாளர்களுக்கான கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில், சொந்தப் படைப்பைக் குறிப்பிடுபவர் அதனுடனான தொடர்பைப் பதிலிலேயே தெரிவிக்க வேண்டும். சுயவிவரப் பக்கத்தில் எழுதியிருப்பது போதாது.

அதைவிட முக்கியமானது, இணைப்பை எடுத்துவிட்டாலும் பதில் நிற்க வேண்டும் என்பது. பைத்தான் நிரல்மொழியில் உருவாக்கிய சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைத் தரவை) எக்செலில் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைகின்றன என்று ஒருவர் கேட்பதாகக் கொள்வோம். ‘என் கருவியைப் பயன்படுத்துங்கள்’ என்று இணைப்பை மட்டும் ஒட்டினால் அது வெறும் கடைவிரிப்பு. கோப்பின் தொடக்கத்தில் குறியேற்ற அடையாளம் (எழுத்துகள் எந்த முறையில் சேமிக்கப்பட்டுள்ளன என்று காட்டும் குறி) இல்லாததால் எக்செல் அதை வேறு குறியேற்றமாக வாசித்துவிடுகிறது என்பதை விளக்கி, குறியேற்றத்தை ‘யூடிஎஃப்-8-சிக்’ (utf-8-sig) என்று கொடுத்து எழுதினால் சரியாகும் எனக் காட்டிய பிறகு, ‘இதைத் தானாகச் செய்யும் நிரலகம் ஒன்றை நான் எழுதியிருக்கிறேன்’ என்று சேர்த்தால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். (கேள்விக்குப் பொருந்தாத இடத்தில் இதுவும் எடுபடாது.)

அறிவிப்பதே நோக்கமென்றால், ஹேக்கர் நியூஸ் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் சொந்தப் படைப்பைக் காட்ட ‘ஷோ எச்என்’ என்ற தனிப்பகுதி உண்டு. ஆனால், பிறர் இயக்கிப் பார்க்கக்கூடியதாக அந்தப் படைப்பு இருக்க வேண்டும். நண்பர்களிடம் வாக்குக் கேட்பதற்கு அங்கே தடை இருக்கிறது.