முட்டை மஞ்சள் கருவில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலி: கேள்வி பதில்

மஞ்சள் கரு என்றாலே கொழுப்புதானே மேடம், அதில் சர்க்கரை எங்கே இருக்கிறது? (வேளச்சேரி மாணவி)

தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் பெரும்பங்கு கொழுப்புதான் அம்மா. ஆனால் நீரில் கரையும் பகுதியில் சியாலில் கிளைக்கோபெப்டைடு என்ற பொருள் இருக்கிறது. ஆறே அமினோ அமிலங்கள் கொண்ட குட்டி பெப்டைடு, அதாவது சின்னப் புரதத் துண்டு அது. அதிலுள்ள ஆஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தில் 11 சர்க்கரைகள் இரு கிளையாகப் பிரிந்து நிற்கும். இரு நுனியிலும் சியாலிக் அமிலம் என்ற அமிலச் சர்க்கரை. 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தபோது ஒரு கருவுக்குச் சுமார் 8 மில்லிகிராம் கிடைத்தது. நம் உடலின் பல புரதங்களிலும் இதே வகைச் சங்கிலி உண்டு. அதனால்தான் இதற்கு இவ்வளவு மவுசு.

இதைப் பிரித்தெடுக்க முதலில் கருவின் கொழுப்பை ஈதரில் கழுவச் சொல்கிறார்கள். எங்கள் லேபில் ஏசி சரியில்லை. (தாம்பரம்)

அப்படியானால் தொடவே வேண்டாம். ஈதர் 34.6 டிகிரியில் கொதித்துவிடும். மே மாதத்துச் சென்னை மதியம் அதைத் தாண்டிவிடுகிறது. குளிர்ந்த அசிட்டோனில் பலமுறை கழுவுங்கள், கொழுப்பு போய்ப் பொடி மிஞ்சும். அதுவும் தீப்பிடிக்கும், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹுட்டுக்குள்தான் செய்ய வேண்டும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. முழுக் கருவை டிஷ்யூ பேப்பரில் மெல்ல உருட்டி, ஒட்டியிருக்கும் வெள்ளைக் கருவை எடுத்துவிடுங்கள். பிறகு சவ்வில் ஊசியால் குத்தினால் மஞ்சள் மட்டும் வழிந்து இறங்கும், சவ்வு கையில் நின்றுவிடும். இதில் அவசரப்பட்டால் வெள்ளைக் கருப் புரதம் கடைசிவரை கூடவே வரும்.

பொடியான பிறகு? (தரமணி)

70 சதவீத அசிட்டோனில் கழுவினால் நிறமும் மிச்சக் கொழுப்பும் போகும், நமக்கு வேண்டியது பொடியிலேயே தங்கும். அப்புறம் 40 சதவீத அசிட்டோனில் ஊறவைத்தால் அது கரைந்து வெளியே வரும். அந்தக் கரைசலிலிருந்து அசிட்டோனை நீக்கிவிட்டு, ஆக்டிவேட்டட் கார்பனும் (பொருளைப் பிடித்துவைக்கும் கரித்தூள்) செலைட்டும் (கரைசல் அடைக்காமல் ஓட உதவும் மண்தூள்) கலந்து நிரப்பிய குழாயில் விடுங்கள். தண்ணீர் ஊற்ற உப்பு கழன்றுவிடும். பிறகு அந்தத் தண்ணீரில் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் 25 சதவீதத்தை ஒட்டி நம் பொருள் இறங்கும்.

மூலக்கூறின் நிறையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரத்தில், நம் பொருளின் நிறையான 2865-க்குப் பதிலாக 2574 அருகே பெரிய பீக் வருகிறது. முட்டை பழசா? (பெரம்பூர்)

முட்டையைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. வித்தியாசம் 291, அதாவது ஒரு சியாலிக் அமிலம் கழன்றிருக்கிறது. குழாயிலிருந்து இறக்கும்போது டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம் சேர்த்திருப்பீர்கள். அதோடு சூடான நீர்த்தொட்டியில் வைத்து வற்றவைத்தால் இப்படித்தான் ஆகும். நானும் ஒரு முறை இரண்டு டஜன் முட்டையின் உழைப்பை 60 டிகிரித் தொட்டியில் இழந்திருக்கிறேன், அன்று சாப்பாடே இறங்கவில்லை. முதலில் அம்மோனியாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தைச் சமன் செய்யுங்கள். தொட்டி 30 டிகிரியைத் தாண்ட வேண்டாம். பிறகு உறையவைத்து உலர்த்துங்கள். உலர்ந்த பொடியை உடனே மூடிவிடுங்கள், நம் ஊர்க் காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்.